விசா மறுக்கப்பட்ட மாணவர்

1970ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, நத்தார்ப் பண்டிகைக்குச் சில நாட்களே இருந்த வேளையில், இலண்டன் மாநகரில் ஒரு விசாரணை நடைபெற்றது. அத்தகைய விசாரணை அதற்கு முன் அந்நாட்டிலே நடந்ததில்லை. அதே உருவில் அதன் பின்னரும் நடக்கவில்லை. முறையீடு செய்தவர் முப்பது வயதினரான ஜேர்மனியர் ஒருவர். அவர் கேட்டது பெரிய பதவியன்று, பொருளுமன்று. கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக் கழகத்திலே ஆராய்ச்சி மாணவராய்ச் சேர்ந்து கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பதற்காக, இங்கிலாந்தில் இன்னுஞ் சிறிது காலம் தங்கும் அனுமதியையே அவர் கேட்டார். பல்கலைக் கழகம் அவரை ஏற்றுக்கொண்டிருந்தது. உள்நாட்டு மந்திரி மறுத்துவிட்டார். அம்மறுப்பை எதிர்த்தே மேன்முறையீடு.

ஒரு மாணவனின் விசாவைப் பற்றிய வழக்குக்கு அரசாங்கத்தின் சார்பிலே சாதாரணமாய் யார் வருவார்? குடிவரவுத் திணைக்களத்து அதிகாரி ஒருவர் வருவார். அன்றேல் இளைய வழக்கறிஞர் ஒருவர் வருவார். அன்று வந்தவரோ பிரித்தானியாவின் சட்டமா அதிபர் சேர் பீற்றர் ரோலின்சன். விசாரணையின் ஒரு பகுதி பகிரங்கமாய் நடந்தது. மற்றொரு பகுதி தொடங்குமுன் பத்திரிகையாளரும் பொதுமக்களும் மாத்திரமல்ல, முறையீடு செய்தவரும் அவருடைய வழக்கறிஞரும் வெளியே அனுப்பப்பட்டனர். உள்ளே என்ன கூறப்பட்டதென்பதை அவர்களுக்கு எவருஞ் சொல்லவில்லை. தன்மேல் என்ன குற்றஞ் சாட்டப்பட்டதென்பதை அறியாமலே அம்மனிதர் அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவரானார்.

அவர் பெயர் ரூடி டுட்ஷ்கே. 1968ஆம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவெங்கும் எழுந்த மாணவர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் அறியப்பட்டவர். இவரை மெச்சினவரும் உண்டு, இவர் பெயரைக் கேட்டவுடனே முகஞ் சுளித்தவரும் உண்டு. ஆயினும் இங்கு நோக்கவேண்டியது அவருடைய அரசியல் சரியா பிழையா என்பதன்று. நாட்டுக்குள் இருக்க அனுமதி மறுக்கப்பட்ட ஒரு மாணவன் யாரிடம் சென்று நியாயங் கேட்பது என்னும் கேள்விக்கு, பிரித்தானியச் சட்டம் அந்த ஆண்டிலேதான் முதன் முதலாய் ஒரு முழுமையான விடையைக் கொடுத்திருந்தது. அவ்விடை எத்துணைப் பலமுள்ளது என்பதை உரைத்துப் பார்த்த உரைகல் டுட்ஷ்கேயின் வழக்கு.

அவ்விடை பிறந்த வரலாறு சற்று நீண்டது. பிரித்தானியாவுக்குள் அந்நியர் வருவதைக் கட்டுப்படுத்திய முதலாவது நவீன சட்டம் 1905ஆம் ஆண்டிலே இயற்றப்பட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏழை யூதர்கள் பெருந்தொகையாய் வந்து சேர்ந்த காலம் அது. அச்சட்டம் கடுமையானதென்று அன்று பலர் கண்டித்தனர். எனினும் அதிலே ஒரு நற்பண்பு இருந்தது. துறைமுகத்திலே அதிகாரி ஒருவர் ஒருவனைத் திருப்பியனுப்பத் தீர்மானித்தால், அத்துறைமுகத்தில் அமைக்கப்பட்ட குடிவரவுச் சபையின் முன் அவன் முறையிடலாம். சபையினர் அவன் சொல்லைக் கேட்டு, அதிகாரியின் முடிவை மாற்றவும் மாற்றினர். 1914இலே உலகப்போர் மூண்டது. அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று அவசர அவசரமாய் நிறைவேற, அச்சபைகள் மறைந்தன. போர் நான்கு ஆண்டுகளில் முடிந்தது. போருக்கென வந்த அதிகாரமோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அந்த அரை நூற்றாண்டுக் காலத்திலே, கப்பலிலிருந்து இறங்கிய அந்நியனுக்குக் குடிவரவு அதிகாரியின் வாக்கே வேதவாக்கு; அதற்கு மேலே உள்நாட்டு மந்திரியின் சித்தம்.

இலங்கையரும் இந்தியரும் மேற்கிந்தியரும் அக்காலத்தில் இவ்வகுப்பிலே சேர்ந்தவரல்லர். அவர்கள் பிரித்தானியப் பிரசைகளாயும் பின்னர்ப் பொதுநலவாயப் பிரசைகளாயும் எண்ணப்பட்டதனால், கொழும்பிலே கப்பலேறிய மாணவன் இலண்டனில் இறங்குவதற்கு விசா என்ற சொல்லையே அறிந்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. 1962ஆம் ஆண்டிலே இந்த நிலை மாறியது. அவ்வாண்டு யூலை மாதம் முதல் நடைமுறைக்கு வந்த பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் அவர்களுக்கும் வாயிலிலே காவலாளியை நிறுத்தியது. மாணவர்க்கு மாத்திரம் அச்சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. தன் நேரம் முழுவதையோ பெரும் பகுதியையோ கொள்ளும் ஒரு படிப்புக்காக வருகிறான் என்று அதிகாரி திருப்தியடைந்தால், அவனை உள்ளே விட மறுத்தல் ஆகாது. சலுகை நல்லதே, ஆனால் சிக்கல் அந்தத் 'திருப்தி' என்னும் சொல்லிலே இருந்தது. அதிகாரி திருப்தியடையாவிட்டால் என் செய்வது? பல்கலைக் கழகத்தின் கடிதத்தை அவர் நம்பாவிட்டால், தகப்பனார் பணம் அனுப்புவார் என்ற உறுதிமொழியை அவர் சந்தேகித்தால், அதற்கு மேலே செல்லும் படி ஒன்று சட்டத்தில் இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கு நீதிபதிகள் அதிகாரி சட்டத்தை மீறினாரா என்பதைத்தான் பார்ப்பர், அவர் முடிவு சரியா என்பதை அல்ல. அந்த வழக்கை நடத்தும் பொருள் வசதியும் விமானத்திலிருந்து இறங்கிய மாணவனிடம் இருப்பதரிது.

இக்குறையை ஆராயும்படி 1966ஆம் ஆண்டிலே சேர் ரோய் வில்சன் என்பவரின் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1967ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. குழுவினர் அதிகாரிகளைக் குறைகூறவில்லை. பெரும்பாலான முடிவுகள் நேர்மையாகவே எடுக்கப்படுகின்றன என்பதை ஒப்புக்கொண்டனர். எனினும், ஒரு மனிதனின் எதிர்காலம் முழுவதையும் பாதிக்கும் முடிவை நிர்வாக அதிகாரி ஒருவர் கையில் விட்டு, அதற்கு மேல் முறையீடே இல்லாதிருப்பது சட்டத்தின் ஆட்சிக்கு முரணானது என்று அவர்கள் எழுதினர். அதன் பயனாக 1969ஆம் ஆண்டிலே குடிவரவு மேன்முறையீட்டுச் சட்டம் பிறந்தது. முதற் படியில் தனித் தீர்ப்பாளர். இரண்டாம் படியில் நியாயசபை. பொதுநலவாயப் பிரசைக்கு இச்சட்டமே உரிமையளித்தது. மற்றை அந்நியர்க்கு 1970ஆம் ஆண்டின் கட்டளை ஒன்று அதே உரிமையை விரித்தது. முறையீடு செய்வோர்க்கு இலவசமாய் உதவ, அரசாங்கப் பணத்தைக் கொண்டே ஓர் ஆலோசனைச் சேவையும் நிறுவப்பட்டது. தன்னையே எதிர்த்து வழக்காடுபவனுக்குத் தானே வழித்துணை அனுப்பிய அரசாங்கம் என்று இதனைச் சிறிது வியந்து பாராட்டலாம்.

நாட்டின் பாதுகாப்பைத் தொடும் வழக்குகளுக்கு மட்டும் வேறு முறை வகுக்கப்பட்டது. அவை நியாயசபையின் விசேட அமர்வு ஒன்றின் முன் செல்லும். இரகசியச் சான்றுகளை முறையீட்டாளர் இல்லாத வேளையிலே கேட்க அவ்வமர்வுக்கு அதிகாரம் உண்டு. இந்த ஏற்பாட்டைச் சட்டத்தில் எழுதியபோது, இதற்கு முதலிலே உட்படப் போகிறவர் மூளையிலே குண்டடி பட்ட ஒரு மாணவர் என்று எவரும் எண்ணியிருக்கமாட்டார்.

இவ்விடத்தில் இன்னொரு வழக்கையும் குறிப்பிடுதல் வேண்டும். 1968ஆம் ஆண்டிலே, சயன்ரோலொஜி என்னும் இயக்கத்தின் கல்லூரியிலே படிக்க இங்கிலாந்துக்கு வந்திருந்த அமெரிக்க மாணவர் பலருக்குத் தங்கும் காலத்தை நீடிக்க உள்நாட்டு மந்திரி மறுத்தார். அவ்வியக்கம் சமுதாயத்துக்குத் தீங்கானதென்பது அரசாங்கத்தின் கருத்து. மேன்முறையீட்டுச் சட்டம் அப்போது இன்னும் வரவில்லையாதலால் மாணவர்கள் நீதிமன்றத்தை நாடினர். டிசம்பரிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. தவணை முடிந்த அந்நியனுக்கு நீடிப்பைக் கேட்கும் உரிமை இல்லை என்றார் டெனிங் பிரபு. ஆனால் அத்தீர்ப்பின் ஊடே அவர் ஒரு சொற்றொடரை விட்டுச் சென்றார்: 'நியாயமான எதிர்பார்ப்பு.' கொடுத்த தவணை முடியுமுன்னரே அனுமதியைப் பறிப்பதானால், தவணை முடியும்வரை இருக்கலாமென்று நியாயமாக எதிர்பார்த்தவனின் சொல்லைக் கேட்கவேண்டும் என்பது அதன் பொருள். தோற்றுப்போன மாணவர்களின் வழக்கிலே விழுந்த இவ்விதை பின்னர்ப் பொதுநலவாய நாடுகள் பலவற்றின் நிர்வாகச் சட்டத்திலே பெருமரமாய் வளர்ந்தது. அந்த 1968 டிசம்பரிலேதான் டுட்ஷ்கே இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

டுட்ஷ்கே 1940ஆம் ஆண்டிலே பிரான்டன்பேர்க் மாகாணத்திலே, லுக்கன்வால்டே என்னும் பட்டினத்துக்கு அண்மையில் பிறந்தவர். போருக்குப் பின் அப்பகுதி கிழக்கு ஜேர்மனியாயிற்று. இராணுவ சேவையை மறுத்ததனால் அங்கே உயர்கல்விக்குரிய வழி அடைபட்டது. 1961ஆம் ஆண்டு ஆகஸ்டில் பேர்லின் மதில் எழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு அவர் மேற்கு பேர்லினுக்கு வந்து, அங்குள்ள சுதந்திரப் பல்கலைக் கழகத்திலே சமூகவியல் படித்தார். இரண்டு ஆட்சிகளின் மேலும் மனக்குறை கொண்டவர் அவர். கிழக்கிலே நடந்ததைப் பொதுவுடைமை என்று ஏற்க மறுத்தார். மேற்கிலே நடந்த வியற்னாம் யுத்தத்தையும் ஏற்க மறுத்தார். 1967ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி, ஈரான் மன்னரின் வருகையை எதிர்த்த ஊர்வலத்திலே பென்னோ ஓனசோர்க் என்னும் மாணவர் பொலீசாரால் சுடப்பட்டு மாண்டார். அதன்பின் மாணவர் இயக்கம் கொழுந்துவிட்டெரிந்தது. டுட்ஷ்கேயின் பெயர் தினந்தோறும் பத்திரிகைகளில் அடிபட்டது. அப்பத்திரிகைகளுட் சில அவரை நாட்டின் பகைவன் என்றே வருணித்தன.

1968ஆம் ஆண்டு ஏப்பிரில் 11ஆந் திகதி, பெரிய வியாழக்கிழமை. அவருடைய முதற் பிள்ளை பிறந்து மூன்று மாதம். குழந்தைக்கு மருந்து வாங்கும் நோக்கத்தோடு டுட்ஷ்கே பேர்லினின் பெருந்தெரு ஒன்றில் நின்றுகொண்டிருந்தார். ஜோசெப் பாக்மன் என்னும் இளைஞன் கிட்ட வந்து, நீர்தானா டுட்ஷ்கே என்று கேட்டு, ஆம் என்ற மறுமொழி வந்ததும் மூன்று முறை சுட்டான். குண்டு தலையிலும் பாய்ந்தது. பல மணி நேரச் சத்திர சிகிச்சையின் பின் உயிர் தப்பியது. ஆனால் பேச்சுப் போயிற்று. ஆயிரக்கணக்கானோர் முன் மணிக்கணக்காய்ப் பேசிய ஒருவர், பொருட்களின் பெயர்களைக் குழந்தையைப் போல் ஒவ்வொன்றாய்க் கற்க வேண்டியதாயிற்று. உளவியல் அறிந்த நண்பர் ஒருவர் ஆசிரியராய் இருந்து அதனைக் கற்பித்தார். எழுத்தும் வாசிப்பும் மெல்ல மெல்ல மீண்டன. வலிப்பு நோய் மாத்திரம் நிரந்தரமாய் ஒட்டிக்கொண்டது. தன்னைச் சுட்டவனுக்குச் சிறைக்குக் கடிதம் எழுதி, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று டுட்ஷ்கே தெரிவித்ததும் இக்காலத்திலேதான். பாக்மன் 1970ஆம் ஆண்டு பெப்ரவரியிலே சிறையில் தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டான்.

ஜேர்மனியிலே மீண்டும் ஓர் அசம்பாவிதம் நேருமென்ற அச்சம். சுவிற்சர்லாந்துக்கும் பின் இத்தாலிக்கும் சென்றார். வேறு நாடுகள் சில கதவை அடைத்தன. ஈற்றிலே, பாராளுமன்ற உறுப்பினர் மைக்கல் ஃபூட் முயற்சி செய்ததன் பேரில், தொழிற் கட்சி அரசாங்கத்தின் உள்நாட்டு மந்திரி ஜேம்ஸ் கலகன் அவரை இங்கிலாந்துக்குள் அனுமதித்தார். உடல் தேறும் வரை இருக்கலாம், அரசியலில் ஈடுபடக்கூடாது. இவையே நிபந்தனைகள். டுட்ஷ்கே அவற்றை ஏற்று ஒப்பமிட்டார். அமெரிக்கப் பெண்மணியான மனைவி கிரெற்சனும் கைக்குழந்தையும் உடன் வந்தனர். நாற்சிகளுக்குத் தப்பி 1938இல் இலண்டனுக்கு வந்து அங்கேயே வாழ்ந்த கவிஞர் எரிக் ஃபிரீட் அவர்களுக்குத் தம் வீட்டிலே இடங்கொடுத்தார். தங்கும் அனுமதி சில மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்தது. 1969இலே இலண்டனில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

ஒரு மனிதனின் மூளை மீண்டும் வேலை செய்யத் தொடங்கினால், அது செய்ய விரும்பும் முதல் வேலை எது? டுட்ஷ்கேயைப் பொறுத்த வரையில் அது படிப்பு. பேர்லினில் பாதியில் விட்ட ஆராய்ச்சியைத் தொடர அவர் கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பித்தார். பல்கலைக் கழகம் அவர் எழுதியவற்றைப் பரிசீலித்து, கலாநிதிப் பட்ட மாணவராய் ஏற்றது. இனி வேண்டியது, நோயாளி என்றிருந்த அனுமதியை மாணவன் என்று மாற்றுவது ஒன்றுதான்.

விதி அவ்வேளையில் வாக்குச் சீட்டின் உருவிலே வந்தது. 1970ஆம் ஆண்டு யூன் 18ஆந் திகதி நடந்த பொதுத் தேர்தலிலே தொழிற் கட்சி தோற்றது. எட்வர்ட் ஹீத் தலைமையில் கொன்சவேற்றிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. புதிய உள்நாட்டு மந்திரி ரெஜினோல்ட் மோட்லிங் விண்ணப்பத்தை மறுத்தார். அவர் சொன்ன நியாயத்தை முழுதும் தள்ளிவிடவும் முடியாது. டுட்ஷ்கே வந்தது உடல் தேறுவதற்கு. அது பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. மாணவராய்ப் பல ஆண்டுகள் தங்குவது வேறு விடயம். அரசியல் பேசாதே என்று ஒரு நோயாளிக்குச் சொல்லலாம். பல்கலைக் கழகத்திலே வாழும் மாணவனுக்கு அவ்விதம் வாய்ப்பூட்டுப் போடுவது முறையன்று. ஆகவே நிபந்தனையோடு வைத்திருக்கவும் விருப்பமில்லை, நிபந்தனையின்றி வைத்திருக்கவும் துணிவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்ற மந்திரி, போகச் சொல்வதே இலகு என்று கண்டார்.

பழைய காலமாயிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மேன்முறையீட்டு உரிமை அந்த ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்திருந்தது. டுட்ஷ்கே முறையிட்டார். முறையீடு நிலுவையில் இருந்த காலத்திலே குடும்பம் கேம்பிரிட்ஜில் வாழ்ந்தது. பாதுகாப்பு என்ற சொல்லை அரசாங்கம் எழுப்பியதனால் வழக்கு விசேட அமர்வின் முன் சென்றது. தலைமை வகித்தவர் சேர் டெரிக் ஹில்டன். டுட்ஷ்கேக்காக வாதாடியவர் பேசில் விகொடர் என்னும் இராணி வழக்கறிஞர். கல்விமான்கள் வந்து மாணவரின் தகுதியையும் நடத்தையையும் எடுத்துரைத்தனர்.

பகிரங்க விசாரணையின் பெரும் பகுதி ஒரு சொல்லைச் சுற்றியே சுழன்றது. 'அரசியல் ஈடுபாடு' என்றால் என்ன? டுட்ஷ்கே மேடையேறிப் பேசவில்லை, ஊர்வலம் நடத்தவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு விருந்தினர் வந்தனர். ஜேர்மனியிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பழைய தோழர்கள் வந்தனர். வந்தவர்கள் காலநிலையைப் பற்றி மாத்திரம் பேசிவிட்டுப் போயிருப்பார்களா? பேசியிருக்க மாட்டார்கள். அரசியலையே வாழ்வாய்க் கொண்ட ஒருவன் தன் வீட்டுச் சமையலறையிலே நண்பனுடன் அரசியல் பேசினால் அது வாக்குத் தவறியதாகுமா? அரசாங்கத் தரப்பு ஆகும் என்றது. அன்றியும், யார் எப்போது வந்தார் என்பதெல்லாம் அரசாங்கத்துக்கு எவ்வாறு இவ்வளவு துல்லியமாய்த் தெரிந்தது என்ற கேள்வியும் சபையிலிருந்தோர் மனதில் எழாமல் இருந்திருக்காது. நோயாளியாய் வந்தவரின் வாயிலைச் சிலர் கண்காணித்திருக்கின்றனர் என்பது அவ்விசாரணையால் வெளிச்சமாயிற்று.

பின்னர்க் கதவு சாத்தப்பட்டது. உள்ளே இரகசியச் சான்று; வெளியே டுட்ஷ்கேயும் வழக்கறிஞரும். ஒரு சாட்சி சொன்னது உண்மையா, ஆள்மாறாட்டமா, அயலவனின் புரளியா என்று குறுக்கு விசாரணை செய்ய எவருமில்லை. குறித்த ஒரு நாளிலே குறித்த ஒருவரைச் சந்தித்ததாய் உள்ளே கூறப்பட்டு, உண்மையில் அந்நாளிலே அவர் வலிப்பு வந்து படுக்கையில் கிடந்திருந்தால், அதை எடுத்துச் சொல்ல அவருக்கு வழியில்லை. இரகசிய விசாரணையின் குறைபாடு நீதிபதிகள் தீயவராயிருப்பதில் இல்லை. நல்லவரான நீதிபதிக்கும் ஒரு காது மட்டுமே எஞ்சுகிறது என்பதில் இருக்கிறது.

1971ஆம் ஆண்டு சனவரி 8ஆந் திகதி நியாயசபை முடிவை வெளியிட்டது. முறையீடு தள்ளப்பட்டது. ஆனால் அம்முடிவின் வாசகம் விசித்திரமானது. டுட்ஷ்கே அதுவரை செய்தவற்றால் நாட்டின் பாதுகாப்புக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்து எதுவும் நேரவில்லை என்று சபை கண்டது. அவருடைய சந்திப்புக்கள் சாதாரண நட்புறவின் எல்லையை வெகுவாய்க் கடந்தன என்றுங் கண்டது. ஆகையால் அவர் தொடர்ந்து தங்குவதில் நிச்சயமாய் அபாயம் உண்டு என்று முடித்தது. இதுகாறும் தீங்கு செய்யவில்லை, இனிமேற் செய்யக்கூடும் என்பதே இதன் சாரம். செய்த குற்றத்துக்குச் சான்று கேட்கலாம். செய்யக்கூடிய குற்றத்துக்கு எதைக் கேட்பது? அதற்குரிய காரணம் சாத்திய கதவுக்குப் பின்னேயே தங்கிவிட்டது.

இலண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் மாணவர் கண்டன ஊர்வலம் சென்றனர். அம்மாதத்திலேயே மக்கட் சபையில் கடும் விவாதம் நடந்தது. மைக்கல் ஃபூட் முதலியோர் அரசாங்கத்தைச் சாடினர். எதிர்க்கட்சி வரிசையில் அப்போது இருந்த கலகனின் நிலை சற்றுச் சங்கடமானது: மனிதரை நாட்டுக்குள் விட்டவரும் அவரே, அந்த மனிதரைத் தோற்கடித்த இரகசிய விசாரணைக்கு இடம் வைத்த சட்டம் நிறைவேறியதும் அவர் உள்நாட்டு மந்திரியாயிருந்த காலத்திலேயே. வாதங்கள் எதுவும் முடிவை அசைக்கவில்லை. டென்மார்க்கின் ஓகூஸ் பல்கலைக் கழகம் டுட்ஷ்கேக்குப் பணி ஒன்றை அளிக்க முன்வந்தது. பெப்ரவரி மாதத்திலே அவர் மனைவி மக்களோடு கடல் கடந்தார். டென்மார்க்கின் பாதுகாப்புக்கு அவரால் யாதொரு தீங்கும் நேர்ந்ததாய் வரலாறு கூறவில்லை.

அவர் போனார், அவர் வழக்கு போகவில்லை. நியாயசபையில் வென்ற அரசாங்கமே அந்நியாயசபையை வெறுத்தது. ஒரு மந்திரியின் தீர்மானத்தைப் பற்றிச் சட்டமா அதிபர் வந்து நாட்கணக்காய் வாதாட வேண்டியிருந்தது, இரகசிய சேவையினர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது, பத்திரிகைகள் தூற்றின. இத்தகைய முடிவு அரசியல் முடிவு, அதற்கு மந்திரி பாராளுமன்றத்துக்கே பொறுப்பு, நியாயசபைக்கு அன்று என்ற வாதம் எழுந்தது. 1971ஆம் ஆண்டு ஒக்ரோபரில் நிறைவேறி 1973ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், பாதுகாப்பு வழக்குகளில் மேன்முறையீட்டு உரிமையை அடியோடு நீக்கிற்று. அதற்குப் பதிலாக மூன்று ஆலோசகர் முன் தன் கதையைச் சொல்ல மாத்திரம் இடந்தரப்பட்டது. அவர்கள் மந்திரிக்கு ஆலோசனை கூறுவர். என்ன ஆலோசனை என்பதை அந்நியன் அறியமாட்டான். மந்திரி அதை ஏற்கவேண்டும் என்றும் இல்லை. குறைபாடுள்ள விசாரணையைத் திருத்துவதற்குப் பதிலாக விசாரணையையே எடுத்துவிட்டனர். தலைவலிக்குத் தலையை வெட்டியது போன்ற மருத்துவம் இது.

1977ஆம் ஆண்டிலே மார்க் ஹோசன்போல் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரும் பிலிப் ஏஜீ என்பவரும் இம்மூவர் முறையினாலேயே வெளியேற்றப்பட்டனர். ஹோசன்போல் நீதிமன்றஞ் சென்றார்; டெனிங் பிரபு அவருக்கு இரங்கவில்லை. நியாயமான எதிர்பார்ப்பு என்ற சொற்றொடரைத் தந்த அதே நீதிபதி, நாட்டின் பாதுகாப்பு என்று வரும்போது தனியொருவனின் உரிமை இரண்டாமிடமே பெறும் என்றார். இந்த ஏற்பாடு கால் நூற்றாண்டு நிலைத்தது. 1996ஆம் ஆண்டு நவம்பரிலே, ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வைக்கப்பட்டிருந்த ஓர் இந்தியச் சீக்கியரின் வழக்கில், ஸ்றாஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மூவர் சபை ஒரு நீதிமன்றமாகாது என்று தீர்த்தது. அடுத்த ஆண்டிலே புதிய சட்டம் வந்தது. விசேட குடிவரவு மேன்முறையீட்டு ஆணைக்குழு அமைந்தது. அங்கும் கதவு சாத்தப்படும். ஆனால் உள்ளே, முறையீட்டாளரின் நலனைக் காக்கவென நியமிக்கப்பட்ட விசேட வழக்கறிஞர் ஒருவர் இருப்பார். இரகசியச் சான்றைக் கண்டபின் அவர் முறையீட்டாளரோடு அதைப் பற்றிப் பேசமுடியாது என்பது உண்மையே. எனினும் 1970 டிசம்பரிலே டுட்ஷ்கேக்குக் கிட்டாத இரண்டாவது காது அதுவாகும்.

பாதுகாப்பு என்ற சொல் எழாத சாதாரண மாணவரின் கதை வேறு வழியிற் சென்றது. அவர்களுக்கு 1970இல் கிடைத்த உரிமை நெடுங்காலம் நிலைத்துப் பின் சிறிது சிறிதாய்த் தேய்ந்தது. இலங்கையரைப் பொறுத்தவரை இடையிலே இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. 1983ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின் பின் தமிழர் பலர் அடைக்கலந் தேடிச் சென்றதனால், 1985ஆம் ஆண்டு மே மாதத்திலே பிரித்தானியா இலங்கைப் பிரசைகளுக்கு விசாவைக் கட்டாயமாக்கிற்று. பொதுநலவாய நாடுகளுள் இவ்விதம் விசா விதிக்கப்பட்ட முதல் நாடு இலங்கையே. அதன்பின் மறுப்பு என்பது இலண்டன் விமான நிலையத்திலே அன்றிக் கொழும்பிலேயே கைக்கு வந்தது. 1993ஆம் ஆண்டின் சட்டம் ஆறு மாதத்துக்கு மேற்படாத படிப்புக்கு வருவோரின் மேன்முறையீட்டை எடுத்தது. 2006ஆம் ஆண்டின் சட்டம் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்போரின் உரிமையை வெட்டியது. 2014ஆம் ஆண்டின் சட்டம் உள்நாட்டிலே நீடிப்புக் கேட்கும் மாணவரின் உரிமையையும் நீக்கி, 'நிர்வாக மீளாய்வு' என்பதை அவ்விடத்தில் வைத்தது. மறுத்த திணைக்களத்திலே உள்ள மற்றோர் அதிகாரி கோப்பை மீண்டும் பார்ப்பதே அது.

உரிமை இருந்த கடைசி ஆண்டுகளில் அது எவ்வளவு பயன்பட்டது என்பதை ஓர் இந்திய மாணவரின் வழக்கு காட்டும். 28 நாட்களுக்கு வங்கியிலே பணம் இருந்ததற்குச் சான்று கேட்ட விதியின்கீழ் அவர் 22 நாட்களுக்குரிய கூற்றையே 2012இல் அனுப்பியிருந்தார். பணம் தாராளமாய் இருந்தது. குறைந்தது ஆறு நாட்களின் காகிதமே. மறுத்தனர். அவர் முதற் படியிலே தோற்றார், இரண்டாம் படியிலே தோற்றார், மூன்றாம் படியிலுந் தோற்றார். 2015ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒருமுகமாய் அவர் பக்கம் தீர்த்தனர். விடுபட்ட காகிதத்தை மாணவனிடம் கேட்டுவாங்க வேண்டும் என்று திணைக்களமே தன் அதிகாரிகளுக்கு ஒரு நெறியை வகுத்திருந்தது. அதைப் பின்பற்றாமல் மறுத்தது சட்டத்துக்கு மாறு என்றனர்.

டுட்ஷ்கே தம் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. லெனினின் கொள்கையை ஆராய்ந்த அவ்வேட்டைப் பேர்லின் சுதந்திரப் பல்கலைக் கழகம் ஏற்றுக் கலாநிதிப் பட்டம் அளித்தது. 1974இலே அது நூலாய் வெளிவந்தது. 1979ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆந் திகதி, ஓகூஸ் நகரிலே, குளித்துக்கொண்டிருந்த வேளையில் வலிப்பு வந்து நீரில் மூழ்கி அவர் இறந்தார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த குண்டின் எச்சமே அவ்வலிப்பு. அவருக்கு வயது 39. பேர்லினின் டாலெம் பகுதியிலுள்ள புனித அன்னாள் கோயில் மயானத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். கடைசி மகன் அவ்வடக்கத்தின் பின்னரே பிறந்தான்.